பன்னிரண்டு வரி அமைதி

வசந்தகுமாருக்கு நாற்பத்தேழு வயது. புனேயில், விஷ்ராந்த்வாடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். ஹடப்சரில் ஆறாம் மாடியில் வேலை பார்த்தார். இரண்டுக்கும் நடுவிலுள்ள பூமியில் அவர் ஸ்கூட்டர் மேல் மட்டுமே தென்பட்டார். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கோவில்பட்டியிலிருந்து வந்தவர், பத்தொன்பது வருடமாக அதே முடிவில் உறுதியாக இருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எதையுமே அவர் யாரிடமும் சொன்னதில்லை என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு அலுவலகம் கொடுத்திருந்த பொறுப்பு, நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வைப்பது. ஒரு வலைத்தளம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது தானே வரிவரியாக எழுதிக்கொண்டு போகும். அதற்கு லாக் என்று பெயர். வசந்தகுமாரின் குழு தளம் கட்டப் பயன்படுத்திய ஜாங்கோ என்னும் ஃப்ரேம்வொர்க்கில், எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும், எந்தக் கோப்பில் போட வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் அமைத்து வைக்கலாம். அந்த அமைப்பை ஆறு வருடமாகப் பராமரித்து வந்தவர் அவர்தான். வேறு யாரும் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை. திறக்கும் ஆசையும் யாருக்கும் வந்ததில்லை.

லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் உண்டு. சும்மா தகவல் என்றால் இன்ஃபோ. கொஞ்சம் கவனி என்றால் வார்னிங். தவறு நடந்துவிட்டது என்றால் எரர். வீடு பற்றி எரிகிறது என்றால் கிரிட்டிகல். வசந்தகுமார் வீட்டில் கிரிட்டிகல் மட்டும் பேசுவார் என்பது அவர் மனைவி மங்கையர்க்கரசியின் நெடுநாள் புகார். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. "கேஸ் தீந்தாத்தான் இவர் வாயத் தொறப்பாரு" என்று சொல்லுவாள்.

அலுவலகத்தில் பச்சை வெள்ளி என்று ஒரு திருவிழா இருந்தது. ஆறாம் மாடிக் கூடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, ஒவ்வொரு குழுவின் தளத்திலும் அந்த வாரம் எத்தனை எரர் வந்தது என்று காட்டினார்கள். எண் இருந்தால் சிவப்பு. பூஜ்யம் என்றால் பச்சை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பச்சையாக இருக்கும் குழுவுக்கு சமோசாவும் கேக்கும். ஆரம்பத்தில் தவறுகளைக் குறைத்துத்தான் பச்சைக்கு வர முயன்றார்கள். அது மிகவும் சிரமமான வழி என்று ஒரு மாதத்தில் தெளிவாயிற்று. அதன்பிறகு யாரோ ஒரு மேதை, எரர் என்று எழுத வேண்டிய இடத்தில் வார்னிங் என்று எழுதிவிட்டால் டிவி அதை எண்ணாது என்பதைக் கண்டுபிடித்தார். மேதையின் பெயர் சரித்திரத்தில் இல்லை. கண்டுபிடிப்பு மட்டும் எல்லாக் குழுக்களிலும் பரவியது. மூன்றே மாதத்தில் அந்த மாடியில் தவறு என்ற ஒன்றே நடக்காமல் போயிற்று. 'கொஞ்சம் கவனி' மட்டும் நாளுக்கு ஒரு லட்சம் தடவை நடந்தது.

அந்த ஒரு லட்சம் வரியும் போய்க் கிடக்க இடம் வேண்டுமே. சர்வரில் டிஸ்க் நிரம்பியது. குழுத்தலைவர் ஷ்ரேயஸ், வசந்தகுமாரைக் கூப்பிட்டு, "சார், இந்தச் சத்தத்தைக் கொறைங்கோ" என்றார்.

வசந்தகுமார் குறைத்தார். ஒரு வியாழக்கிழமை மதியம், டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து, பன்னிரண்டே வரியில் ஒரு வடிகட்டி எழுதினார். எரருக்குக் கீழே உள்ள எதுவும் கோப்புக்குப் போகாது, காற்றோடு போகும். மாற்றத்துக்கான குறிப்பில், 'தேவையற்ற சத்தம் நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஷ்ரேயஸ் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். மறுநாள் பச்சை வெள்ளியில் கேக்கின் மேல் கிரீமால் 'வசந்த் சார்' என்று எழுதியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் பெயர் ஏதோ ஒன்றின் மேல் எழுதப்பட்டது அதுவே முதல் முறை. 'சார்' இருந்த துண்டு அவருக்குக் கிடைத்தது.

அதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோணியம்மாள் வெறுங்கையோடு வந்தாள்.

அந்தோணியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தூத்துக்குடிக்காரி. அடுத்த சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஊருக்கு வெளியே சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், வயர்களைச் சேர்த்துக் கட்டி டேப் சுற்றும் வேலை, காண்டிராக்ட் கூலி. ஐந்து வருடம் முறியாமல் வேலை பார்த்தால் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறும் என்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். அவளுக்கு நாலு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு தவறாமல் மார்க்கெட்டில் மீன் வாங்கி வந்து மங்கையர்க்கரசியின் அடுப்பில் குழம்பு வைப்பாள். 'அங்கன ஒத்தைல சமைச்சா மணமே வராதுக்கா' என்பது அவள் சொல்லும் காரணம். எனவே அவள் கையில் மீன் பை இல்லை என்றதுமே மங்கையர்க்கரசி அடுப்பை அணைத்தாள்.

"என்ன அந்தோணி?"

"வேல போச்சுக்கா."

சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அழவில்லை. யாரிடமோ வாதாடுவதுபோல் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

"திங்கக்கெழம எப்பவும் போல அஞ்சு மணிக்கு சௌக்குல, அந்த நாலு ரோட்டு முக்குல போயி நின்னேன். அஞ்சே கால் ஆச்சு, அஞ்சே முக்கால் ஆச்சு, கம்பெனி பஸ்ஸக் காணோம். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், எடுக்கல. செவ்வாக்கெழமயும் அப்படித்தான். ஏதோ பந்த்து போலன்னு வந்துட்டேன். புதங்கெழம மனசு கேக்கல. மூணு பஸ்ஸு மாறிப் போயி கேட்ல கார்டத் தேய்க்குதேன், செவப்பு லைட்டு எரியுது. செக்யூரிட்டி சொல்லுதான், மாவ்ஷி, துமச்ச நாவ் நாஹி. நாலு வருசமா என்னய மாவ்ஷி மாவ்ஷின்னு சித்தி மொற வச்சுக் கூப்பிட்டவன், பேரு இல்லைங்கான்."

"பஸ்ஸு ஏன் வரல?"

"சௌக்குல பாலத்துக்குப் பள்ளம் தோண்டிட்டாங்கல்லா, அதான் பஸ்ஸ திகி ரோட்டுக்கு மாத்திட்டாங்களாம். எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சாம். கூட ஏறுத மத்தவளுவளுக்கு வாட்ஸப்பு இருக்கு, தெரிஞ்சிபோச்சு. எனக்கு இந்த பட்டன் போனுதானே. ஹெச்.ஆரு அம்மாட்ட போயி, எனக்கு மெசேஜே வரல தாயீன்னேன். கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுதா. எம் பேருக்கு நேரா பச்ச டிக்கு. அனுப்பியாச்சு, நீதான் அழிச்சிருப்பேங்கா."

"அழிக்கதுக்கு உனக்குத் தெரியுமாக்கும்" என்றாள் மங்கையர்க்கரசி. "எடுக்கது ஒரு பட்டன், வைக்கது ஒரு பட்டன். அதுக்கு மேல உனக்கு என்ன தெரியும்?"

"அதத்தான் நானும் சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்கா."

ஜன்னலோரம் ஈரத் துண்டை உதறிக்கொண்டிருந்த வசந்தகுமார் திரும்பினார். "அந்தப் போனக் காட்டும்மா" என்றார்.

பழைய மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. பஸ் பத்து நிமிடம் தாமதம், நாளை விடுமுறை. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பியவர் பெயராக ஆறு ஆங்கில எழுத்துகள். அந்த ஆறு எழுத்துகளை அமைப்புக் கோப்பில் தட்டியவர் வசந்தகுமார். சாகண் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டும் தளம்தான் அவர் குழுவின் தளம். கடைசியாக வந்த மெசேஜுக்கும் அன்றைக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.

"அண்ணாச்சி, உங்க லைன்லதானே இதெல்லாம்? அங்க யாராச்சும் தெரிஞ்சவுக இருந்தா கேட்டுச் சொல்லுங்களேன். மெசேஜ் வரலன்னு ஒரே ஒரு காயிதம் கெடச்சாப் போதும். அந்தம்மா மூஞ்சில கொண்டு காட்டிருவேன்."

"பாக்கேன்" என்றார் வசந்தகுமார்.

திங்கட்கிழமை அவர் பார்த்தார். அந்த நாளுக்குரிய லாக் கோப்பைத் திறந்தார். அது அவ்வளவு சுத்தமாக இருந்தது. நாள் முழுவதற்கும் ஒரு வரிகூட இல்லை. அவர் எழுதிய வடிகட்டி, அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. சோதனை சர்வரில் அதே மெசேஜை அனுப்பிப் பார்த்தார். புதிய நிறுத்தத்துக்கு யாரோ மிக அக்கறையோடு, 'திகி ரோடு, தண்ணீர்த் தொட்டி எதிரில், மெடிக்கல் கடைக்கு அடுத்து, பழைய வேப்பமரம் அருகே' என்று பெயர் வைத்திருந்தார்கள். மெசேஜ் நீளம் வரம்பைத் தாண்டிவிட்டதால், அதை அனுப்பித் தரும் நிறுவனம் வாங்க மறுத்துத் திருப்பிவிட்டது. மறுப்பு வந்ததும் தளம் லாக்கில் ஒரு வரி எழுதப் பார்த்திருக்கிறது. அது முன்பு எரராக இருந்த வரி. பச்சை வெள்ளிக்காக வார்னிங் ஆக்கப்பட்ட வரி. வார்னிங் என்பதால் வசந்தகுமாரின் வடிகட்டி அதைக் காற்றோடு அனுப்பிவிட்டது. பச்சை டிக்கோ, மெசேஜை ஒப்படைத்த அந்த நொடியிலேயே விழுந்துவிடும். ஒப்படைத்தது திரும்பி வந்ததைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

அந்த நிறுத்தத்தின் பட்டியலில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேருக்கு வாட்ஸப் இருந்தது.

ஷ்ரேயஸுக்கு முப்பத்தொரு வயது. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை வீட்டில் காதால் கற்றவர், படிக்கத் தெரியாது. அலுவலகத்தில் அந்த மொழியை இரண்டு காரியங்களுக்கு மட்டும் வைத்திருந்தார்: கெட்ட செய்தி, ரகசியம். கண்ணாடி அறையின் கதவைச் சாத்தியதும் அவர் தமிழில் தொடங்கினார் என்றால், வசந்தகுமார் தன் வேலையில் எங்கே தப்பு என்று தேடத் தொடங்கிவிடுவார்.

அன்று கதவைச் சாத்தியவர் வசந்தகுமார்.

"உக்காருங்கோ சார். சாகண் விஷயம்தானே? மெசேஜ் ஏதும் போகாம இருந்துதான்னு க்ளையன்ட் கேட்டாச்சு, நான் ரிப்ளையும் போட்டுட்டேன். ஜீரோ ஃபெயிலியர்."

"ஜீரோ இல்லப்பா. நாம எழுதி வைக்கல, அவ்வளவுதான்."

"அதாவது, லாக்ல இல்லைன்னா நடக்கலைதானே?"

"நாப்பது பேருக்குப் போகல."

"எப்டி தெரியும்? லாக் இருக்கா?"

"இல்ல."

"அவ்ளோதான். அப்பறம் என்ன?" ஷ்ரேயஸ் பேனா மூடியைத் திறந்து மூடினார். கெட்டவர் இல்லை. மூடியை நாலு தடவை திறந்து மூடிய பிறகு, "அதுல யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார்.

"ஒரு அம்மாவுக்கு வேலை போயிருச்சு. ரெண்டு நாள் வரலைன்னு பேர அடிச்சிட்டாங்க. இன்னும் நாலு மாசம் போயிருந்தா நிரந்தரம் ஆகியிருக்கும்."

"ஐயோ." ஷ்ரேயஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா சார், நாம சொன்னா அவா என்ன கேப்பா? ஏன் லாக் இல்லைன்னு கேப்பா. ஃபில்டர் நீங்க போட்டேள். போடச் சொன்னது நான். அப்ரூவ் பண்ணினதும் நான். அப்ரைசல் இந்த மாசம்."

"தெரியும்."

"கேக் வேற சாப்ட்டோம்" என்றார் ஷ்ரேயஸ், எல்லாவற்றையும்விட அதுதான் தப்ப முடியாத சாட்சி என்பதுபோல.

மாலையில் மங்கையர்க்கரசி கதவைத் திறந்ததும் கேட்டாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க. அவ மூணு நாளா வெறும் டீயும் பன்னும்தான். நான் குடுத்தா வாங்க மாட்டேங்கா."

வசந்தகுமார் ஷூவைக் கழற்றினார். என்ன தெரிந்தது என்பதை அவர் அன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது வார்னிங்கா, எரரா, கிரிட்டிகலா என்று அவருக்கே விளங்கவில்லை. சாப்பிடும்போது மோரை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள்.

அந்தோணியம்மாள் கேட்ட காகிதம் உலகத்தில் இல்லை. நடந்ததை எழுதியிருந்தால்தானே அது காகிதமாகும். எழுதவிடவில்லை என்பதற்குக் காகிதம் உண்டா என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், டிபன் டப்பாவைக் கழுவும்போது பிடிபட்டது. உண்டு. தளம் எழுதுவதை நிறுத்தலாம். தளத்தின் கோப்புகளில் யார் கைவைத்தார்கள் என்று எழுதிக்கொண்டே போகும் இன்னொரு ஏட்டை நிறுத்த முடியாது. எந்த வரியை, யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று அது சொல்லிவிடும். அப்படிக் கேட்கும் கட்டளைக்கு ஆங்கிலத்தில் பிளேம், அதாவது பழி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வசந்தகுமார் அதைத் தட்டினார். பன்னிரண்டு வரிக்கும் நேராகப் பன்னிரண்டு முறை அவர் பெயர் வந்தது. கேக்கில்கூட ஒரு முறைதான் வந்தது.

அன்று மதியம் சாகண் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அம்மணிக்கு ஒரு மெயில் எழுதினார். அவர் ஆயுளில் எழுதிய மிக நீளமான மெயில் அது, ஒன்பது வாக்கியம். பச்சை டிக் என்பது மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமல்ல, எங்கள் கையை விட்டுப் போனதற்குத்தான் அடையாளம். அந்த நிறுத்தத்தின் மெசேஜ் வரம்பைவிட நீளமானது. இதோ சோதனையில் அது திரும்பி வந்த படம். திரும்பி வந்ததை எங்கள் தளம் எழுதிவைக்கவில்லை. எழுதவிடாமல் செய்த பன்னிரண்டு வரி இதோ. எழுதியவன் நான். ஆகவே தோல்வி பூஜ்யம் என்று நாங்கள் அனுப்பிய பதிலை நம்ப வேண்டாம். அந்தோணியம்மாளுக்கு மெசேஜ் வரவில்லை. அவர் எதையும் அழிக்கவில்லை.

போடச் சொன்னவர் யார், ஒப்புதல் கொடுத்தவர் யார் என்பதை எழுதவில்லை. ஷ்ரேயஸுக்கு ஒரு பிரதி போட்டார். அனுப்பிவிட்டுப் போய் டீ குடித்தார். டீ ஆறியிருந்தது.

பத்து நிமிடத்தில் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. ஷ்ரேயஸ் தமிழில் பேசவில்லை. எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், இரண்டே வாக்கியம் பேசினார். வசந்தகுமார் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் வடிகட்டியை எடுத்துவிட்டு, வார்னிங் ஆக்கப்பட்டவற்றை மறுபடி எரர் ஆக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிவி இரத்தச் சிவப்பாக இருந்தது. வசந்தகுமாரின் குழுவுக்கு நேரே நானூற்றுப் பன்னிரண்டு. கூடத்தில் நின்றவர்கள் துக்க வீட்டில் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். நிர்வாகம் தீவிரமாக ஆலோசித்து உடனடி நடவடிக்கை எடுத்தது: அதற்கடுத்த வெள்ளி முதல் அந்த டிவியில் ஊழியர் பிறந்தநாட்கள் காட்டப்பட்டன.

வசந்தகுமாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் ஏன் என்று எழுத வேண்டியிருக்கும். அவரைத் தளத்திலிருந்து எடுத்து, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய மென்பொருளுக்கு விளக்கக் கையேடு எழுதும் பிரிவில் போட்டார்கள். பிரிவில் அவர் மட்டும் இருந்தார். இடம் கழிவறைப் பக்கம், தூணுக்குப் பின்னால். ஒருநாள் அவர் மறந்து வைத்துப்போன டிபன் டப்பாவைக் கொடுக்க வந்த மங்கையர்க்கரசி அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். வருட மதிப்பீடான அப்ரைசலில் 'தகவல் தொடர்புத் திறன் போதாது' என்று போட்டிருந்தது. எந்தப் பொருளில் என்று கேட்கலாம் என்று நினைத்தார், கேட்கவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து அந்தோணியம்மாள் மீன் பையோடு வந்தாள். சமையலறையில் பழையபடி மணம் எழுந்தது. வசந்தகுமார் தட்டின் முன் உட்கார்ந்ததும் அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"திரும்ப எடுத்துக்கிட்டாங்க அண்ணாச்சி. சர்ச்சுக்குப் போயி அந்தோணியாருக்கு அஞ்சு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். அவருதான் அந்தம்மா மனச மாத்துனது."

"நல்லதும்மா."

"ஆனா புது ஆளாத்தான் சேத்துருக்காங்க. புதுக் கார்டு, புது நம்பரு. முன்ன பாத்ததெல்லாம் கெடையாதாம். பேர அடிச்சா அடிச்சதுதானாம், இனிமே மொதல்லேருந்து அஞ்சு வருசம். அதுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியணும்லா, அந்தச் சின்ன வயரு கட்டுததுக்கு?"

வசந்தகுமார் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

"ஹெச்.ஆரு சொல்லுதா, எம்மேல தப்பில்லையாம். மெசேஜ் போகலன்னு கம்ப்யூட்டரு சொல்லத்தான் வந்துச்சாம், எவனோ ஒருத்தன் அது வாயப் பொத்தி வச்சிருந்தானாம். கேட்டீங்களா? சும்மா கெடந்த கம்ப்யூட்டரு வாயப் பொத்தி அவனுக்கு என்ன வந்துச்சு? அவன்லாம் நல்லா இருப்பானா அண்ணாச்சி?"

வசந்தகுமார் மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இருக்க மாட்டான்" என்றார்.

"நாலு வருசம் எட்டு மாசம்."

"தெரியும்மா."

கரண்டியோடு வந்த மங்கையர்க்கரசி நடுவழியில் நின்றாள். தூணுக்குப் பின்னால் போன இடம், மோர் ஊற்றிய சோறு, இந்தப் பதில்: கணக்கு டீச்சருக்கு இதைக் கூட்டத் தாள் தேவைப்படவில்லை. கணவரைப் பார்த்தாள். பிறகு அந்தோணியம்மாளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அந்தோணி, உள்ள போயி உப்ப எடுத்துட்டு வா" என்றாள்.

அவள் உள்ளே போனதும், இன்னொரு துண்டு மீனை எடுத்துக் கணவர் தட்டில் வைத்தாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. வசந்தகுமார் தலை நிமிராமல் அந்தத் துண்டிலும் முள் எடுக்கத் தொடங்கினார்.